பாலோ டூரோ பண்ணையார்

டெக்சாஸ் மாட்டுப்பண்ணைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் சார்லஸ் குட்நைட் பெயரை எடுப்பார். எடுத்த கையோடு 1866-க்குப் போய்விடுவார். ஆலிவர் லவ்விங் என்ற இன்னொரு பண்ணைக்காரருடன் கூட்டுச் சேர்ந்து, சொட்டுத் தண்ணீர் இல்லாத பொட்டலில் மந்தையை நியூ மெக்சிகோவுக்கு ஓட்டியது, பழைய ராணுவ வண்டியின் பின்பக்கம் பெட்டி அடித்து நடமாடும் அடுப்படி ஆக்கியது, கோமாஞ்சிப் பூர்வகுடிகளிடம் காயம்பட்டு லவ்விங் இறந்தபோது, அவர் கேட்டுக்கொண்டபடியே உடலை டெக்சாஸ் மண்ணுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. எல்லாம் நடந்ததுதான். ஆனால் அது சில வருஷக் கதை. 1836-ல் பிறந்து 1929 வரை இருந்த மனிதர் அவர். கடைசி ஐம்பது வருஷத்தை வடக்கு டெக்சாஸின் பான்ஹேண்டில் சீமையிலேயே மாடு வளர்த்து, அந்தச் சீமையின் நல்லது கெட்டது அத்தனையிலும் தலையைக் கொடுத்தார். அதைப் பேசத்தான் ஆள் இல்லை.

1873 பொருளாதார நெருக்கடியில் கொலராடோவில் சேர்த்த சொத்து கைவிட்டுப் போனது. மூன்று வருஷம் கழித்து, 1,600 மாடுகளோடு பாலோ டூரோ பள்ளத்தாக்கில் இறங்கினார். இடத்தைத் தேர்ந்ததிலேயே அவர் அனுபவம் தெரியும். செங்குத்துப் பாறைச் சுவர் இருப்பதால் வேலி போட வேண்டாம். வாடைக் காற்று நேராக அடிக்காது. கீழே ஆறு ஓடுகிறது. அடுத்த வருஷம் ஜான் அடேர் என்ற அயர்லாந்துக்காரர் முதல் போட, அவர் பெயரின் முதலெழுத்துகளே மாட்டுக்குச் சூடு போடும் குறியாகி, ஜே.ஏ. பண்ணை உருவானது. 1880-களில் அது 13 லட்சம் ஏக்கரைத் தொட்டது. மாடு ஒரு லட்சத்துக்கு மேல்.

அவ்வளவு இருப்பவர் தனிக்காட்டு ராஜாவாக இருந்திருக்கலாம். அவரோ 1880-ல் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களைக் கூட்டி பான்ஹேண்டில் கால்நடைச் சங்கம் தொடங்கி, அதன் முதல் தலைவராகவும் ஆனார். சங்கத்துக்கு முன்னால் இருந்த தலைவலி இரண்டு. ஒன்று மாட்டுத் திருட்டு. இன்னொன்று டெக்சாஸ் காய்ச்சல். இதுதான் வினோதமானது. தெற்கே கடலோரத்திலிருந்து வரும் மாடு திடகாத்திரமாக நடந்துபோகும், அதற்கு ஒன்றும் ஆகாது. அது நடந்த தடத்தில் மேய்ந்த வடக்கத்தி மாடு கொத்துக் கொத்தாகச் சாகும். உண்ணிதான் நோயைப் பரப்புகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் நிரூபித்ததே 1893-ல். அதற்கு முன்பே, காரணம் பிடிபடாவிட்டாலும் தடத்தைப் பார்த்தே பண்ணைக்காரர்கள் உஷாராகிவிட்டார்கள். துப்பாக்கியோடு எல்லையில் ஆள் நிறுத்தி, தெற்கத்தி மந்தைகளைச் சுற்று வழியில் திருப்பிவிட்டார்கள். தெற்கத்திக்காரர்களுக்கு இது எவ்வளவு கசந்திருக்கும் என்று புரிகிறது. அவர்களுக்கும் பிழைப்பு. அப்படியும் நான் இதில் குட்நைட் பக்கம்தான். அரசாங்கம் எட்டிப் பார்க்காத இடத்தில், நோய் வந்தால் முதலில் அழிவது பத்து மாடு வைத்திருப்பவன்தான்.

அதே பள்ளத்தாக்குக்கு இன்னொரு கதையும் உண்டு. அதை விட்டுவிட்டு இவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. 1874-ல் அமெரிக்க ராணுவ அதிகாரி மெக்கென்சியின் படை அங்கே கோமாஞ்சி, கயோவா, ஷையன் குடியிருப்புகளைத் தாக்கி, பிடித்த குதிரைகளில் ஆயிரத்துக்கு மேல் சுட்டுக் கொன்றது. குதிரை போனதும் வேட்டை போனது, வாழ வழியில்லாமல் அடுத்த வருஷம் அவர்கள் சரணடைந்தார்கள். குட்நைட்டுக்குக் கிடைத்த காலி நிலம் அப்படிக் காலியானது. 1878-ல் கோமாஞ்சித் தலைவர் குவானா பார்க்கர் தன் ஆட்களோடு பழைய வேட்டைக்காட்டைத் தேடி வந்தார். வேட்டைக்குப் பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமை எங்கும் இல்லை. பசி தாங்காமல் பண்ணை மாடுகளில் கைவைத்தார்கள். குட்நைட் சண்டைக்குப் போகவில்லை. உட்கார்ந்து பேசி, பண்ணை மந்தையைத் தொடாதிருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மாடு தருவதாக ஒத்துக்கொண்டார். பறிபோன நிலத்துக்கு இது ஈடாகாது. ஆனால் ராணுவத்துக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது சுலபம், பசியோடு வந்தவர்களிடம் முகம் பார்த்துப் பேசுவது கஷ்டம். அவர் கஷ்டமானதைச் செய்தார்.

அவர் மனைவி மேரி ஆனைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பேச இன்னொரு பெண் துணை இல்லாத பள்ளத்தாக்கு. ஒருமுறை ஒரு மாட்டுக்காரர் சாக்கில் மூன்று கோழிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தம்மா அவற்றை அடித்துக் குழம்பு வைக்கவில்லை. எங்கே போனாலும் பின்னாலேயே வந்த அந்தக் கோழிகளோடுதான் பேச்சுத் துணை. தோலுக்காகப் பைசன்களைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், தாயில்லாமல் நின்ற கன்றுகளைப் பிடித்து வளர்க்கலாம் என்று கணவரைத் தூண்டியவரும் இவரே. அந்த மந்தையிலிருந்து மூன்று காளைகள் 1902-ல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போயின. மேரி ஆனின் மந்தை வழிவந்த பைசன்கள் இன்றைக்கும் டெக்சாஸின் கேப்ராக் கேன்யன்ஸ் பூங்காவில் மேய்கின்றன. பெயர் மட்டும் பெரும்பாலும் கணவருக்கே போய்ச் சேருகிறது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம்.

குட்நைட் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். அவரும் மேரி ஆனும் 1898-ல் தங்கள் ஊரில் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அது நிலைக்கவில்லை. இருந்த காலத்தில் பண்ணைவீட்டுப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே படிப்பு கிடைத்தது.

கடைசியாக போஸ் இகார்டு. அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பிறகு குட்நைட்டின் மந்தைகளோடு போன கறுப்பினத்தவர். வழியில் பணத்தையே அவர் கையில் கொடுத்துவைக்கும் அளவுக்கு நம்பிக்கை. 1929 ஜனவரியில் இகார்டு இறந்ததும், தொண்ணூறு தாண்டிய குட்நைட் வெதர்ஃபோர்டில் அவருக்குக் கல் நாட்டினார். தன்னோடு நான்கு வருஷம் இருந்ததையும், வேலைக்கு ஒருநாளும் சுணங்காததையும், உத்தரவை மீறாததையும் அதில் வெட்டச் சொன்னார். உத்தரவு என்ற இடத்தில் முதலாளியின் குரல் கேட்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மந்தைகளோடு நடந்த எத்தனையோ கறுப்பின மாட்டுக்காரர்களுக்குப் பெயர் பொறித்த கல்லே கிடையாது. அவர்களை வேலைக்கு வைத்திருந்த மற்ற பண்ணையார்களிடம் காசுக்கா பஞ்சம்?