குறை, கேட்பவரிடம் மட்டும்தானா?

‘மக்களுக்குப் படிப்பறிவு போதாததால்தான் மருத்துவ அறிவுரைகள் எடுபடுவதில்லை’ என்று ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நலவாழ்வுத் தகவல் தொடர்பு படிக்கும் மாணவி நான். முதல் பருவத்தில் நானும் அப்படித்தான் நம்பினேன். வகுப்பில் படித்த ஒரு நிகழ்வு அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. 1995 அக்டோபரில் பிரிட்டனில், சில புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று எச்சரிக்கை விட்டார்கள். உண்மையில், 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த ஆபத்து இருவருக்கு என்று ஆகிறது, அவ்வளவுதான். ‘இரண்டு மடங்கு’ என்பதைக் கேட்டுப் பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடின. கருவுற்றிருக்கும்போது ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாததாலா இது நடந்தது? எண்ணைச் சொன்ன விதம்தான் காரணம். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ‘துண்டறிக்கையை எளிய மொழியில் அச்சடித்தால் போதும்’ என்கிறார். அதுவும் வேண்டும்தான், ஆனால் போதாது. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் பெரும்பாலும் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். பயிற்சியின்போது ஒரு பெரியவரிடம் அப்படிக் கேட்காமல், ‘வீட்டில் கேட்டால் இதை எப்படிச் சொல்வீர்கள் ஐயா?’ என்றேன். ‘காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திடணும்’ என்றார். அதற்குச் சற்று முன்புதான் ‘கோர்ஸை முடித்துவிடுங்கள்’ என்று அவரிடம் சொல்லியிருந்தேன். கோர்ஸ் என்றால் எழுதிக் கொடுத்த நாள் முழுக்க மாத்திரை சாப்பிடுவது என்றோ, அது எத்தனை நாள் என்றோ நான் சொல்லவே இல்லை.