ஐஸ்லாந்தின் மின்சாரம் முழுக்க எரிமலையிலிருந்தா?

"ஐஸ்லாந்து தன் மின்சாரம் முழுவதையும் எரிமலைச் சூட்டிலிருந்தே எடுக்கிறது, பூமியைத் தோண்டினால் எந்த நாடும் இதைச் செய்யலாம்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அங்கே சுமார் 70 சதவீதம் நீர்மின்சாரம். நாட்டின் மிகப் பெரிய மின்நிலையமான காராஹ்ன்யூகர் (690 மெகாவாட்) ஓர் அணைதான். புவிவெப்பத்தின், அதாவது நிலத்தடிச் சூட்டின், பங்கு ஏறக்குறைய 30 சதவீதம்.

புவிவெப்பத்தின் உண்மையான சாதனை வேறு இடத்தில் இருக்கிறது, அதைத்தான் இந்தச் செய்தி விட்டுவிட்டது. பத்து வீடுகளில் ஒன்பது அதனால்தான் குளிர் காய்கின்றன. 1930-இல் ரெய்க்யாவிக் நகரில் வெந்நீர் ஊற்றிலிருந்து ஒரு பள்ளிக்கும் சில வீடுகளுக்கும் குழாய் போட்டுத் தொடங்கினார்கள். 1970-களில் எண்ணெய் விலை எகிறியதும் நாடெங்கும் வேகமாகப் பரப்பினார்கள். இன்று நெஸ்யாவெட்லிர் நிலையத்தில் சூடாக்கப்படும் நீர், வெப்பம் கசியாத உறையிட்ட குழாயில் 27 கிலோமீட்டர் ஓடித் தலைநகரை அடைகிறது. வழியில் இழப்பது 2 டிகிரிக்கும் குறைவு!

"எந்த நாடும்" என்பதும் சரியல்ல. ஐஸ்லாந்து பூமியின் மேலோட்டிலுள்ள இரண்டு நிலத்தட்டுகள் விலகும் கோட்டின் மேல் இருப்பதால், சுமார் 2 கிலோமீட்டர் ஆழத்திலேயே 200 டிகிரிக்கு மேல் சூடு கிடைக்கிறது. மற்ற இடங்களில் பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரிதான் கூடும். அந்தச் சூடு மின்சாரத்துக்குப் போதாவிட்டாலும் வீட்டுக்குப் போதும்: எரிமலையே இல்லாத பாரிஸ் வட்டாரத்தில் அப்படித்தான் நிலத்தடி வெந்நீரால் ஏராளமான அடுக்குமாடி வீடுகளைச் சூடாக்குகிறார்கள்.