மேல்வீட்டு நாற்காலிக்கு நாலு துண்டு துணி ஒட்ட முடியாதா?

இன்னிக்குக் காலையில அபார்ட்மெண்ட் குரூப்ல செக்ரட்டரி போட்ட அறிவிப்பு: "இரவு நேரத்தில் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டித் தொந்தரவு செய்வதைத் தவிர்க்கவும்." பேர் போடல. போட வேண்டிய அவசியமும் இல்ல. நேத்து ராத்திரி கதவைத் தட்டினது நான் ஒருத்திதான். அதுக்குக் கீழே ஒன்பது பேர் கும்பிடு போட்டிருக்காங்க.

சத்தம் போட்டவங்களுக்கு ஒரு வார்த்தை இல்ல. சத்தம் தாங்காம எழுந்து போனவளுக்கு அறிவிப்பு. வயிறு எரியுது.

நேத்து ராத்திரி 11.40. க்ர்ர்ர்ரீச். மேல்வீட்டுல நாற்காலியை இழுக்கிறாங்க. தூக்கி வைக்கல, இழுக்கிறாங்க. ஹாலோட இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும். பதினோரு நாளா இதே கதை. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு அடுத்ததுக்காகக் காத்திருந்தேன். சத்தத்தை விட அந்தக் காத்திருப்புதான் ஆளைக் கொல்லுது. 11.43-க்கு ரெண்டாவது. 11.44-க்கு மூணாவது. அப்புறம் அமைதி. அப்பாடா, முடிஞ்சுதுன்னு ஒருக்களிச்சுப் படுத்தேன். தலையணை கூடச் சூடாகல, 11.52-க்கு நாலாவது. கூடவே தொம்முனு எதையோ கீழே போட்டாங்க.

காலையில அஞ்சு மணிக்கு எழுந்து வேலைக்குக் கிளம்புறவ நான். எழுந்தேன். செருப்புகூடப் போடல. படியேறிப் போனேன். லிஃப்ட் இருக்கிற பில்டிங்ல ஏன் படியேறினேன்னு அப்புறம் சொல்றேன், அது தனி எரிச்சல். அவங்க வாசல்ல போய் நிக்கிறேன், உள்ளே அஞ்சாவது இழுப்பு. என் ரெண்டு காதால கேட்டேன்.

பெல் அடிச்சேன். ரெண்டு நிமிஷம் கழிச்சுக் கதவு திறந்துச்சு. அந்த மனுஷன் கண்ணைக் கசக்கிக்கிட்டே, "சொல்லுங்க சிஸ்டர், எல்லாரும் தூங்கிட்டோமே" அப்படிங்கிறார். அவர் தோளுக்குப் பின்னாடி ஹால்ல ட்யூப்லைட் எரியுது. டிவி ஓடுது. சாப்பாட்டு மேசையை விட்டு ரெண்டடி தள்ளி நாற்காலி நிக்குது. என் முகத்தைப் பார்த்துக்கிட்டே பொய் சொல்றார்.

"சார், நாற்காலி இழுக்கிற சத்தம் கீழே ரொம்பக் கேக்குது. கொஞ்சம் தூக்கி வைங்க, இல்லைன்னா காலுக்கு அடியில ஏதாவது ஒட்டிடுங்க." இவ்வளவுதான் கேட்டேன். குரலை உயர்த்தல.

"எங்க வீட்ல அப்படி ஒண்ணும் சத்தம் தெரியலையே சிஸ்டர்."

உங்க வீட்ல தெரியாது சார்! உங்களுக்குத் தரை, எனக்குக் கூரை. நாற்காலிக் கால் டைல்ஸ் மேல வழுக்கிக்கிட்டுப் போறதில்ல. பிடிச்சு விடுது, பிடிச்சு விடுது, ஒரு செகண்டுக்குள்ள பல நூறு தடவை. அந்த அதிர்வு நேரா கான்கிரீட்டுல இறங்கி, என் கூரை மொத்தமும் மேளத்தோல் மாதிரி அதிருது. அதே கான்கிரீட் நீங்க பேசுற சத்தத்தை நல்லாத் தடுக்குது. இத்தனை வருஷத்துல உங்க பேச்சு ஒரு வார்த்தை எனக்குக் கேட்டதில்ல. ஆனா தரையையே நேரா உரசுறதை, இடிக்கிறதை அதால தடுக்க முடியாது. கீழே இருக்கிற நான் ஃபால்ஸ் சீலிங் போட்டாலும் சுவர் வழியா இறங்குற அதிர்வு நிக்காது. சத்தம் பிறக்கிற இடத்துலதான் அதை அடக்க முடியும். அதுக்கு ஒரு நாற்காலிக்கு நாலு துண்டு கெட்டித் துணி போதும். நாலே துண்டு!

இதையெல்லாம் செக்ரட்டரிகிட்ட போன வாரமே சொல்லிட்டேன். "பில்டிங்ல சத்தம் எங்கிருந்து வருதுன்னு உறுதியா சொல்ல முடியாதும்மா, பக்கத்து வீடாக்கூட இருக்கும்"னார். அது உண்மைதான், கான்கிரீட் வழியா வர்ற சத்தம் திசையைக் குழப்பும். அதனாலதானே நேத்து ராத்திரி ஏறிப் போய் அவங்க வாசல்லயே நின்னு கேட்டேன்! போனாலும் குத்தம், போகாட்டியும் ஆதாரம் இல்லைங்கிறது. பதினோரு நாளும் நேரம் குறிச்சு வச்ச நோட்டைக் காட்டினா, "இதையெல்லாமா எழுதி வச்சிருக்கே?"ன்னு என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

அப்புறம் சத்தத்தை அளக்க என் வீட்டுக்கு வந்தார். எப்போ? காலையில பத்து மணிக்கு. மேல்வீடு பூட்டிக் கிடக்கு. போன்ல ஒரு ஆப்பைத் திறந்து ஹால் நடுவுல நின்னு, "34 தாம்மா காட்டுது, இது ஒண்ணுமே இல்லையே"ன்னார். அந்த நேரத்துல என் ஃப்ரிட்ஜைத்தான் சார் அளந்தீங்க!

உலக சுகாதார நிறுவனம் 1999-லயே சொல்லிடுச்சு, ராத்திரி படுக்கையறைக்குள்ள தொடர்ந்து இருக்கிற சத்தம் 30 டெசிபல், திடீர்னு வர்ற ஒத்தைச் சத்தம் 45 டெசிபல், இதைத் தாண்டக் கூடாதுன்னு. ஒத்தைச் சத்தத்துக்குத் தனி வரம்பு எதுக்குன்னா, சராசரியில அது காணாமப் போயிடும். ஒரு இழுப்பு மூணு செகண்ட், நாலு இழுப்பு 12 செகண்ட். எட்டு மணி நேர ராத்திரியில 28,800 செகண்ட் இருக்கு. சராசரி எடுத்தா அந்த 12 செகண்ட் இருந்த இடமே தெரியாது. என் தூக்கம் சராசரியைப் பார்த்தா கலையுது? முழிப்பே வராட்டியும் அந்தச் சத்தத்துக்குத் தூங்குறவங்க இதயத்துடிப்பு எகிறும். உடம்புக்குத் தெரியும்.

"காதுல பஞ்சு வச்சுக்கோங்க"ன்னு ஒரு அக்கா குரூப்ல எழுதியிருக்காங்க. வச்சுப் பார்த்துட்டேன் அக்கா. க்ரீச் கொஞ்சம் குறையும். தொம் குறையாது. கட்டில் வழியா, தலையணை வழியா வருது. நடு ராத்திரியில ஒருத்தர் நாற்காலி இழுக்கிறதுக்காக நான் ஏன் காதை அடைச்சுக்கிட்டுத் தூங்கணும்?

குழந்தை அழுதா நான் வாயே திறக்க மாட்டேன். எதிர்வீட்டுக் கைக்குழந்தை ஆறு மாசம் விடிய விடிய அழுதுச்சு, அந்தப் பொண்ணைப் பார்க்கும்போதெல்லாம் பாவமாத்தான் இருந்துச்சு. குழந்தைக்குத் தெரியாது. இவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் செய்றாங்க, கேட்டா தூங்கிட்டோம்ங்கிறாங்க.

அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ! ஏன் அந்த வார்த்தை எப்பவும் கீழ்வீட்டுக்கே வருது? மேலே ஏறி ஒரு தடவை போய்ச் சொல்லுங்களேன் அதை.

இதுல அந்த லிஃப்ட். ரெண்டு நாளா மூணாவது மாடியில யாரோ கிரில் கதவைச் சரியாச் சாத்தாமப் போயிடறாங்க. பட்டனை அமுக்கி அமுக்கி விரல் வலிக்குது, லிஃப்ட் அசையல. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, வெறுங்காலோட, தூக்கமில்லாத கண்ணோட நான் படியேறினேன். இறங்கி வரும்போது என் கையாலதான் அந்தக் கதவை இழுத்துச் சாத்தினேன். காலையில வேலைக்குக் கிளம்பும்போது மறுபடியும் திறந்து கிடக்கு. யாருங்க அது?