தாமோதரம்பிள்ளை படித்தது யாழ்ப்பாணக் கல்லூரியில் அல்ல

'யாழ்ப்பாணக் கல்லூரி 1823 முதல் ஒரு நாளும் மூடப்படாமல் நடக்கிறது, சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர்' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு.

1823இல் அமெரிக்க கிறிஸ்தவ மிஷன் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் தொடங்கியது செமினறி என்ற உயர்கல்விக்கூடம். டானியல் பூர் அதன் முதல் அதிபர். தமிழும் ஆங்கிலமும் வானியலும் கணிதமும் கற்பித்த அந்த இடம் 1855இல் மூடப்பட்டது. மிஷன் பணம் மதப் பரப்பலுக்கே செலவாக வேண்டும், ஆங்கில உயர்கல்விக்கு அல்ல என்ற மேலிடத்து எண்ணமே முக்கியக் காரணம். யாழ்ப்பாணக் கல்லூரி அதே வளாகத்தில் 1872இல்தான் பிறந்தது. நடுவே பதினேழு ஆண்டு இடைவெளி!

தாமோதரம்பிள்ளை 1832இல் பிறந்தவர். கல்லூரி திறந்தபோது அவருக்கு ஏறத்தாழ 40 வயது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவராகிப் பல ஆண்டுகள் கழிந்திருந்தன. கலித்தொகையைப் பதிப்பித்த அந்த மனிதரை உருவாக்கியது செமினறி.

கல்லூரி தன்னைச் செமினறியின் வாரிசாகக் கருதி 1823ஐக் கொண்டாடுவதில் எனக்கு மறுப்பில்லை. அந்த உரிமை அதற்கு உண்டு. ஆனால் 'ஒரு நாளும் மூடப்படவில்லை' என்று எழுதினால், மூடிய பள்ளிக்காக ஏங்கி மறுபடியும் ஒரு கல்லூரி வேண்டும் என்று உழைத்த ஊராரின் முயற்சி வரலாற்றிலிருந்தே அழிந்துவிடும். தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.