எத்திக்ஸ் கமிட்டி ஓகே மட்டும் போதாது

'ஆஸ்பத்திரி எத்திக்ஸ் கமிட்டி ஓகே சொன்னால் போதும், இந்தியாவில் கருவிலிருந்து ஸ்டெம்செல் (உடலின் பலவகைச் செல்களாக மாறக்கூடிய மூலச்செல்) எடுத்து ஆராய்ச்சி பண்ணலாம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஐசி-எஸ்சிஆர் என்று ஸ்டெம்செல்லுக்கென்றே தனிக் குழு வேண்டும்; அது தேசிய உச்சக் குழுவிடம் பதிவு செய்திருக்கவும் வேண்டும். ஐவிஎஃப் (சோதனைக் குழாய்க் குழந்தை) சிகிச்சையில் மிஞ்சிய கருவிலிருந்து புதிய செல் வரிசை (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் ஒரே வகைச் செல்கள்) உருவாக்க எத்திக்ஸ் கமிட்டி, ஐசி-எஸ்சிஆர் இரண்டுமே சம்மதிக்கணும், கருவைத் தந்த தம்பதியும் எழுதிக் கொடுக்கணும். (காசு கொடுத்துக் கரு வாங்குவதெல்லாம் ஆகாது.) ஆராய்ச்சிக்கென்றே கரு உருவாக்குவதென்றால் ஃபைல் தேசியக் குழு வரைக்கும் போகும். 14 நாளுக்கு மேல் ஆய்வகத்தில் கருவை வளர்ப்பதற்கோ எந்தக் கமிட்டியின் கையெழுத்தும் செல்லாது.