மெசினை இறக்குவதற்கு முன் மண்ணைப் படிப்பியுங்கள்

மண்ணில் கொஞ்சம் சீமெந்து கலந்து மெசினில் அமுக்கிய மண்கல்லில் வீடு கட்டப் பழக்குகிறோம் என்று ஊருக்கு வருகிறவர்கள் முதலில் இறக்குவது கல் அமுக்குகிற மெசினை. அது பிழை. முதல் நாள் ஒரு கண்ணாடிப் போத்தல் போதும்.

யாழ்ப்பாணத்து மண் ஒரே மண் அல்ல. உரும்பிராய், சுன்னாகப் பக்கம் செம்மண். வடமராட்சி கிழக்கில் மணல். ஒரு ஊரின் கலவைக் கணக்கை அடுத்த ஊருக்குக் கொண்டுபோக முடியாது.

மேல்மண் ஒரு அடியை விலக்கிவிட்டு, கீழ்மண்ணைப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் இருக்கும், வண்டல் அரை மணித்தியாலத்தில். களி படிய ஒரு நாள். அடிமட்டம் வைத்துப் படைகளின் உயரத்தை அளந்தால், மொத்தத்தில் மணலும் சிறுகல்லும் மூன்றில் இரண்டு, களி ஐந்தில் ஒன்று அளவில் வரவேண்டும். களி கூடினால் காயும்போது கல் வெடிக்கும், மணல் சேருங்கள். களி குறைந்தால் கல்லை மெசினிலிருந்து தூக்கும்போதே மூலை உதிரும்.

இதற்காகத் தோட்டத்துச் செம்மண்ணில் கை வைக்கவே கூடாது. சுண்ணக்கல்லுக்கு மேல் கிடக்கிற அந்தப் படையில்தான் வெங்காயமும் புகையிலையும் விளைகிறது. அத்திவாரமும் மலசலகூடக் குழியும் வெட்டும்போது வரும் மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

கால் அங்குல வலையில் அரித்த மண் 12 வாளிக்கு சீமெந்து ஒரு வாளி. தண்ணீர் விடாமல் நிறம் ஒன்றாகும்வரை பிரட்டி, பிறகு நல்ல தண்ணீரைத் தெளிக்கவேண்டும். உவர்க்கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். காய்ந்தபின் உப்புப் பூத்துச் சுவர் முகம் பொரிந்து விழும். ஒரு பிடி உருட்டி இடுப்புயரத்திலிருந்து போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம். தூளானால் ஈரம் போதாது, சப்பளிந்தால் ஈரம் கூடிவிட்டது. நனைத்த கலவையை அரை மணித்தியாலத்துக்குள் அமுக்கி முடிக்கவேண்டும், அதனால் சிறிது சிறிதாகவே குழையுங்கள்.

கூடுதலாகக் கெடுவது இதற்குப் பிறகுதான். மண் காயவேண்டும் என்ற நினைப்பில் கல்லை வெயிலில் விரித்துவிடுகிறார்கள். காயவைப்பதற்கு இது பச்சைச் செங்கல் இல்லை. உள்ளே இருக்கிற சீமெந்து இறுக ஈரம் வேண்டும். நிழலில் அடுக்கி, படங்கால் மூடி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கவேண்டும். 28 நாள் கழியாமல் சுவருக்கு ஏற்றக்கூடாது. சுவரும் சுண்ணக்கல் அத்திவாரத்தில் தரைக்கு மேல் ஒன்றரை அடி உயர்ந்து தொடங்கவேண்டும், இல்லாவிட்டால் கார்த்திகை மழை அடிவரிசையை அரித்துவிடும்.

பயிற்சியோ மூன்று நாளில் முடிந்துவிடுகிறது. மிச்ச 25 நாளுக்கும் தண்ணீர் தெளிக்க யாரும் பொறுப்பில்லை. மாதர் சங்கத்தில் இரண்டு பேரிடம் அந்த வேலையை ஒப்படைத்து, மேசனுக்குப் போடுகிற மாதிரி அவர்களுக்கும் நாட்கூலியைத் திட்டச் செலவிலேயே போடுங்கள்.