விதிவிலக்கும் ரமலானின் சட்டம்தான்
வயது வந்த முஸ்லிம் எவரும் எந்த நிலையிலும் ரமலான் நோன்பை விட முடியாது என்று இந்த ரமலான் கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியன்று. நோன்பைக் கடமையாக்கும் குர்ஆனின் 2ஆம் அத்தியாயத்திலேயே, 184, 185ஆம் வசனங்களில், நோயாளிகளும் பயணிகளும் விடுபட்டவற்றை வேறு நாள்களில் நோற்றுக்கொள்ளலாம் என்ற சலுகையும் சொல்லப்பட்டிருக்கிறது. மாதவிலக்கில் இருக்கும் பெண்களோ அந்நாள்களில் நோன்பு நோற்கவே கூடாது, பின்னர் களாவாக, அதாவது விடுபட்டதை ஈடுசெய்யும் நோன்பாகத்தான் நோற்க வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் அத்தா (தந்தை), மருத்துவர் தடுத்த பிறகு நோன்பு வைப்பதில்லை. ஒரு நோன்புக்கு ஓர் ஏழையின் உணவு என்ற கணக்கில், நோன்புக்கு ஈடாகத் தரும் தானமான ஃபித்யாவை அரிசியும் பருப்புமாகப் பொட்டலம் கட்டித் தெருவிலுள்ள ஏழை வீடுகளுக்கு அனுப்பிவிடுகிறார். ஆனாலும் ஸஹருக்கு (விடியலுக்கு முந்தைய உணவுக்கு) எங்களை எழுப்புவதும், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் தூக்குவாளியோடு பள்ளிவாசல் கஞ்சிக்கு வரிசையில் நிற்பதும் அவர்தான் (அந்த வரிசையில் மாற்று மதத்து அண்டை வீட்டாரும் நிற்பார்கள் என்பதைக் கட்டுரை குறிப்பிட்டிருக்கலாம்). மேலே கருத்திட்ட நண்பர், அப்படியானால் வசதியுள்ளவர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டு நோன்பிலிருந்து தப்பிவிடலாமே என்று கேட்கிறார். அது நடவாது, ஃபித்யா தள்ளாத முதியவர்களுக்கும் தீராத நோயுற்றவர்களுக்கும் உரிய ஏற்பாடு, உடல் தேறக்கூடியவர் எவ்வளவு பெரிய செல்வராயினும் தேறியபின் நோற்றே தீர வேண்டும். அந்த நண்பர் ஃபித்யாவோடு குழப்பிக்கொள்ளும் ஃபித்ரா வேறு: பெருநாள் தொழுகைக்கு முன்பாக, நோன்பு நோற்றவர், நோற்காதவர், கைக்குழந்தை என வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்காகவும் குடும்பத் தலைவர் ஏழைகளுக்குக் கொடுக்கும் தானியம் அது.